பதினேழு மணி நேரத் தூரம்

மார்ச் 3

தங்கச்சி கூப்பிட்டாள். டாக்டர் பிரசவத்துக்கு இருபத்தெட்டாம் தேதி சொல்லியிருக்கிறாராம். "அக்கா, இந்தத் தடவையாவது வருவியா?"

இந்தத் தடவையாவது. முன்பு இரண்டு முறை பாதியிலேயே கலைந்துபோனது. இரண்டு முறையும் நான் போகவில்லை. ப்ளேன் என்றால் பயம் என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது.

"வரேன்டி" என்றேன். என் வாயா அது?

மார்ச் 4

பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுவது என் பிழைப்பு. எந்தத் தூரத்தைக் கண்டாலும் கை தானாக வகுக்கும். அவள் ஊருக்கு 11,200 கிலோமீட்டர். நம் பஸ் வேகம் மணிக்கு நாற்பது. ஆக, பதினொரு நாள், பதினாறு மணி நேரம்! எட்டிப் பார்த்த ஓட்டுநர், "நான் ஓட்டுறேன் மேடம். கடல் வந்தா மட்டும் எல்லாரும் இறங்கித் தள்ளணும்" என்றார். ஆபீசே சிரித்தது.

ப்ளேனில், நடுவில் ஓர் ஊரில் மாறி, மொத்தம் பதினேழு மணி நேரம். அவர்கள் கடிகாரம் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். காலை பத்துக்குக் கிளம்பினால் அதே நாள் மாலை ஏழுக்கு இறங்கிவிடலாம். இப்படி ஓர் அட்டவணையை நான் போட்டால் மேலாளர் கிழித்தே போடுவார்.

மார்ச் 7

டிக்கெட் போட்டாச்சு. இருபதாம் தேதி. போட்டாச்சு, போட்டாச்சு!

மார்ச் 14, காலை

ஐந்து மணிக்கு மாப்பிள்ளை போன். "அக்கா, பனிக்குடம் உடைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம்."

ஆறு நாள் பொறுக்கக் கூடாதா? நான் விழித்துக்கொண்டு நிற்பதற்குள் என் வீட்டுக்காரர் டிக்கெட்டை இன்றைக்கே மாற்றிவிட்டார். பெட்டியில் என்ன போட்டேனோ, எனக்கே தெரியாது. கண்ணு, கொஞ்சம் மெதுவா வாடா. பெரியவங்க வராங்க இல்ல?

ப்ளேனில்

பறக்கிறேன்! கிளம்பும்போது கண்ணை இறுக்கிக்கொண்டு பக்கத்து சீட் அம்மாள் கையைப் பிடித்துவிட்டேன். "முதல் தடவையா?" என்றார். "தங்கச்சிக்குப் பிரசவம்" என்றேன். அவர் கேட்டதென்ன, நான் சொன்னதென்ன!

திரையில் மணிக்கு 870 என்று காட்டுகிறது. சிக்னல் இல்லை, நிறுத்தம் இல்லை. தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாறும் ஊரில்

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "இன்னும் இல்லக்கா. நீங்க எங்க இருக்கீங்கன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்கிறா." பின்னாலிருந்து அவள் கத்தினாள்: "பைலட்ட நல்லா மிதிக்கச் சொல்லு!"

கத்தட்டும். கத்தினால் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். இல்லையா?

மார்ச் 15

நேற்று ஏழு ஐந்துக்கு இறங்கினேன். எட்டரைக்கு ஆஸ்பத்திரி. "வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான். என் விரல்களைப் பிடித்து நொறுக்கினாள். ஒன்பது பத்துக்குப் பெண் குழந்தை. அது போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்று காலை தங்கச்சி அசந்து தூங்கினாள். குழந்தை என் மடியில். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் எட்டிப் பார்த்து, நான் யார் என்று கேட்டாள்.

"பெரியம்மா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது.