பயிற்சிக்கும் ஆபத்துக்கும் ஒரே சங்கு ஊதுவதை மாற்றக் கோரி

அனுப்புநர்:
சு. மணவாளன்,
மளிகை வியாபாரி, கன்னியம்மன் நகர்,
கும்மிடிப்பூண்டி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: தொழிற்சாலை அபாயச் சங்கு, பொதுமக்களுக்கு முன்னறிவிப்பு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சைக்கிளில் உப்பு விற்றுக் கடை வைத்தவன் நான். கடைக்கு எதிரே மீன் பதப்படுத்தும் தொழிற்சாலை. மாதத்தின் முதல் செவ்வாய், பதினோரு மணிக்கு அங்கே ஆபத்துப் பயிற்சிச் சங்கு ஊதும். அன்றைக்கு அதைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள்.

2. ஜூலை 1, முதல் செவ்வாய். பதினோரு மணிக்குச் சற்று முன்பே சங்கு ஊதியது. தொழிற்சாலையில் வேலை செய்யும் தன் மருமகனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போன எங்கள் தெருச் சின்னப்பொண்ணு என் கடைமுன் நின்று, "இன்னாண்ணா, நிக்காம ஊதிக்கினே கீது?" என்று கேட்டார். தராசிலிருந்து தலை தூக்காமல், "செவ்வாக்கெழம ஆச்சேம்மா, டிரில்லுதான். நீ போ" என்றேன். போனார். வாசலருகே விழுந்தார். கசிந்தது அம்மோனியா. உள்ளே இருந்தவர்கள் முகமூடி அணிந்து காற்றுக்கு எதிர்த்திசையில் ஒதுங்கினார்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வெளியே பதினொரு பேருக்குக் கண்ணும் தொண்டையும் எரிந்தன. சின்னப்பொண்ணு பத்தொன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். இன்னும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மூச்சு வருவதில்லை.

3. கம்பெனி, தன் தொழிலாளர்களின் போனுக்கு மட்டும் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பியது. அங்கே லோடு ஏற்றும் மோசஸ் அன்று மாலை நான்கு மணிக்கு அதைக் காட்டி, "ஊட்ட விட்டு வெளிய வராதீங்கன்னு போட்டுகீறான்ணா" என்றார். அப்போது தெருவே வெளியில்தான் நின்றது. கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா என்று மூன்று நாள் என்னிடம் வந்து கேட்டார்கள். எனக்கு அரிசி தெரியும், அம்மோனியா தெரியாது.

4. ஆகவே, பயிற்சிக்கு வேறு ஒலி வைக்கவேண்டும். முந்தின நாளே ஆட்டோவில் தமிழிலும், இங்கே வாடகைக்கு இருக்கும் வடமாநிலத்தவருக்காக இந்தியிலும் அறிவிக்க வேண்டும். கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று ஒலிபெருக்கி சொல்லவேண்டும். என் கடை மாடியில் கட்டிக்கொள்ளலாம், கரண்ட் என் பொறுப்பு. எல்லாம் அடங்கியபின் தண்ணீர், காற்று பற்றி விவரம் தெரிந்தவர் நேரில் வந்து சொல்லவேண்டும்.

5. நேற்று முன்தினம் மீண்டும் சங்கு ஊதியது. சின்னப்பொண்ணு என் முகத்தைப் பார்த்தார். நான் ஷட்டரை இழுத்துவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். அது பயிற்சி. தெருவே சிரித்தது. ஐயா, சிரித்தவர்கள் அடுத்த முறை ஓட மாட்டார்கள்.

செப்டம்பர் 2, அடுத்த முதல் செவ்வாய். அதற்குள் தக்க ஆணையிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: கும்மிடிப்பூண்டி
நாள்: 07.08.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
சு. மணவாளன்