பயனர் ஒன்று எழுதும் கடிதம்

திங்கள், காலை பதினோரு மணி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் வாடகை அறையில் ஜன்னல் ஓரம் மழைத்தண்ணீர் இறங்கியதே, வீட்டுக்காரர் சரிசெய்து கொடுத்தாரா? பதிலை அப்பாவிடம் சொல், அவர் என்னிடம் சொல்வார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். இந்தத் தடவை உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு மனசில்லை. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பத்து மணிக்கு மேல்தான் விரல் மடங்குகிறது, ஒரு பக்கம் எழுதியதும் மறுபடி முறுக்கிக்கொள்கிறது. அதனால் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுதி முடிக்கிறேன். இதெல்லாம் உனக்குத் தெரியாததா என்ன? நீதான் அச்சில் போட்டிருக்கிறாயே.

முதலில் நீ வடிவமைத்த மாத்திரைப் பெட்டி. போன வாரம் அப்பா மருந்துக் கடையிலிருந்து என் மூட்டுவலி மாத்திரையை ஐந்து பெட்டி வாங்கி வந்தார். தேவை ஒன்றுதான். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர் அல்லவா, எது திறந்து மூடினாலும் அவருக்கு வேடிக்கை. சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து, "நம்ம டிசைனர் மேடம் செஞ்சது, எவ்வளவு அழகா திறக்குது பாரு" என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பக்கத்து வீட்டுக்கு ஒன்று, மாடி வீட்டுக்கு ஒன்று என்று கொண்டுபோயும் காட்டிவிட்டு வந்தார். அவர்களுக்கு மூட்டுவலி இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, விரல் கட்டைபோல் இருக்கும் நேரத்தில், யாரும் பார்க்காதபோது நானும் திறந்து பார்த்தேன். ஓரத்தில் கட்டைவிரலை வைத்து லேசாகத் தள்ளினேன், தட்டு வெளியே வந்தது. பிதுக்க வேண்டியதில்லை, கிழிக்க வேண்டியதில்லை. பல்லும் கத்தரிக்கோலும் இல்லாமல் நாலு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மாத்திரை என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. கோபத்தில் இதை மறைக்கக் கூடாது என்றுதான் முதலில் எழுதுகிறேன். பெட்டி நல்ல பெட்டி.

பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் மடித்து வைத்திருந்தது. இந்தப் பெட்டி உருவான கதை என்று தலைப்பு. பின் அட்டையில் உன் சிரித்த முகம். உள்ளே இரண்டு பக்கம் நிறைய என் கைகள்.

உன் கல்லூரிக் கடைசி வருடத்தில் சமையலறை மேசையில் வைத்து நீ எடுத்த படங்கள் அவை. யார் பார்ப்பார்கள் என்று அன்றைக்கே கேட்டேன். "எங்க சாரும் நானும் மட்டும்தான்மா, முகமே வராது" என்றாய். முகம் வரவில்லை, அது உண்மைதான். வலது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு வந்திருக்கிறது. எங்கள் தையல் கடையில் என் முகத்தைவிட அந்தத் தழும்பைத்தான் எல்லாரும் அதிகம் பார்த்திருக்கிறார்கள்.

படத்துக்குக் கீழே நீ எழுதியதை அப்படியே தருகிறேன், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. "பயனர் ஒன்று. பெண், வயது ஐம்பத்து மூன்று. காலை வேளைகளில் விரல்களை மடக்க முடியாது. ஒரு மாத்திரையைக்கூடத் தானே பிரிக்க இயலாதவர். தன் நிலையை வேலை செய்யும் இடத்தில் மறைத்து வருகிறார். தினமும் மற்றவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே சென்று, கைகளை வெந்நீரில் வைத்திருந்து, யாரும் பார்ப்பதற்குள் துடைத்துக்கொள்கிறார்."

அந்த வெந்நீர் விஷயம் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. சீக்கிரம் கிளம்பினால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். உனக்குத் தெரிந்ததும் தற்செயல்தான். விடுமுறைக்கு வந்தபோது, நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கடையின் பின்வாசல் வழியாக வந்தாய். தொட்டியில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு நின்றிருந்தேன். நீ பயந்துபோனாய். யாரிடமும் சொல்லாதே என்றேன். என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்தாலும் சொல்ல மாட்டேன்மா" என்றாய்.

நீ யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரிடமும் சொல்லிவிட்டாய்.

இன்றைக்கு இவ்வளவுதான். கை ஒத்துழைக்கவில்லை.

புதன், பதினொன்றரை

முதலாளியம்மாவின் மாமியாருக்கும் மூட்டுவலி. இதே மாத்திரை, இதே பெட்டி. போன வியாழக்கிழமை அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பின் அட்டையில் உன்னைப் பார்த்த சந்தோஷத்தில்தான் பிரித்திருக்கிறாள். நீ தவழ்ந்த நாளிலிருந்து பார்த்தவள் அல்லவா.

நான் அப்போது கல்யாண உடைக்கான தந்த நிறப் பட்டுத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த வெட்டு முடியும்வரை அவள் பேசாமல் பக்கத்தில் நின்றாள். அந்த மரியாதையை எனக்குக் கொடுத்தாள், அதைச் சொல்ல வேண்டும். கத்தரிக்கோலைக் கீழே வைத்ததும் புத்தகத்தைப் பட்டின்மேல் விரித்து வைத்தாள். "இது உங்க கைதானே மாஸ்டர்?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. தழும்பு மேசைமேல் கிடக்கிறது, பக்கத்திலேயே அதன் படமும் கிடக்கிறது. ஆமாம் என்றேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இருபத்திரண்டு வருஷமா ஒண்ணா இருக்கோம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நீ எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது.

"நாளையிலேருந்து நீங்க அளவு மட்டும் எடுங்க, போதும். கையை வருத்திக்க வேண்டாம்" என்றாள். சம்பளத்தில் கைவைக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். பாவப்படுகிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

இப்போது அடுத்த மேசைக்காரிதான் வெட்டுகிறாள். நாற்பது வயது, பொறுமைசாலி, குறை சொல்ல முடியாத கை. நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நிற்கிறேன். வருகிறவர்களின் தோள், மார்பு, இடுப்பு என்று அளந்து நோட்டில் எழுதுகிறேன். கட்டிங் மேசையில் நின்றால்தான் மாஸ்டர். மூன்று நாளில் அவளை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என்னை அம்மா என்கிறார்கள். யாராவது மாஸ்டர் என்று குரல் கொடுத்தால் நான் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன், பிறகு டேப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்கிறேன்.

உன்னிடம் பொய் எதற்கு? போன வருடம் ஒரு சட்டையின் கைப்பகுதி என் கத்தரிக்கோலில் அரை அங்குலம் நழுவியது. மடிப்புக்குள் வாங்கி, தெரியாமல் சரிசெய்துவிட்டேன். நாலு வருடத்தில் அது ஒன்றுதான். நல்ல கை இருக்கும் ஆட்களுக்கும் அவ்வளவு போகும். ஆனால் இனி நான் சொன்னால் யார் நம்புவார்கள்? மாத்திரையைக்கூடப் பிரிக்க முடியாதவள் என்று என் பெண்ணே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அப்பாவிடம் சொன்னேன். "உன் பேரே போடலையே, அப்புறம் என்ன கோபம்?" என்றார். பேர் போட்டிருந்தால்கூட ஒரு ஆள் என்று ஆகியிருக்கும். பயனர் ஒன்று என்றால் இரண்டு, மூன்று எல்லாம் எங்கே என்று கேட்டேன். அவருக்கு அது நகைச்சுவையாகப் பட்டது. நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு வெந்நீர் விஷயத்தைச் சொன்னேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறது என்பது பொய்யா என்று கேட்டார்.

வெள்ளி, மதியம்

அந்தப் புத்தகத்தில் நீ எழுதிய இன்னொரு இடத்தையும் படித்தேன். பெட்டி என்பது ஒரு உடை, உள்ளே இருப்பதை முதலில் அளக்க வேண்டும், தட்டையாக விரித்து வெட்ட வேண்டும், மடித்து நிறுத்தும்போது உள்ளே இருப்பது அசைய இடம் விட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். முதல் ஆண்டில் உன் ஆசிரியர் கற்றுக்கொடுத்த பாடம் என்றும் போட்டிருக்கிறாய்.

ஆறு வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் என் கட்டிங் மேசைக்கு அடியில் வந்து உட்காருவாய். நான் வீசும் காகித மாதிரிகளைப் பொறுக்கி, மடித்து, பசை தடவி, உன் பென்சில்களுக்குச் சட்டை போடுவாய். ஒரு நாள் பென்சில் வெளியே வரவில்லை என்று அழுதாய். அசைய இடம் விட்டு வெட்டணும்டி என்று மேலேயிருந்து சொன்னேன். அதே நாலு வார்த்தை. உன் சாரும் அதையே சொல்லியிருக்கலாம், நல்ல விஷயம் இரண்டு பேருக்குத் தோன்றும். அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை.

இல்லை, வருகிறேன். அதற்கும் சேர்த்துத்தான் வருகிறேன்.

இந்தக் கைகளைப் பற்றி உனக்கு இரண்டு விஷயம் தெரியும். காலை ஏழு மணிக்கு இவை ஒரு மாத்திரை அட்டையைப் பிரிக்காது. பதினோரு மணிக்கு இதே கைகள் வழுக்கும் பட்டுத் துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டும். இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நீ. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டாய், ஒன்றைப் போட்டுவிட்டாய். பெட்டிக்கு எது பொருந்துமோ அதை எடுத்தாய். துணி வெட்டுகிறவளுக்கு அது புரியும், நானும் மிச்சத்தைக் கூடையில்தான் போடுவேன். ஆனால் நான் துணி இல்லையே.

இன்டர்வியூ முடிந்து நீ போன் செய்த நாள் ஞாபகம் இருக்கிறதா? உன் கோப்பில் ஒரு பக்கத்தைப் பார்த்து ஒரு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அங்கேயே வேலை என்று சொல்லிவிட்டார்கள் என்றாய். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. என் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் என் கையால் டீ ஊற்றிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று இப்போது தெரிகிறது.

வேலையை விடச் சொல்லவில்லை. அப்படி ஏதாவது பைத்தியக்காரத்தனம் செய்தால் நேரில் வந்து காதைத் திருகுவேன், பத்து மணிக்கு மேல் வருவேன். நீ அளவெடுக்கத் தெரிந்தவள், நன்றாக வருவாய். உன் பெட்டியால் இன்னும் எத்தனையோ பேர் பல்லால் கடிக்காமல் மாத்திரை சாப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

கடைசியாக, கோட்டு. அடுத்த மாதம் உன் கல்லூரியில், படித்து முடிக்கப் போகிற பிள்ளைகளுக்கு வேலையில் சேர்வதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அன்றைக்குப் போட்டுக்கொள்ளக் கோட்டு வேண்டும் என்று கருநீலத் துணி அனுப்பியிருந்தாய். நான் முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்றும் கேட்டாய். துணியை வெட்டாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம் என்று இரண்டு நாள் அலமாரியில் வைத்திருந்தேன்.

நேற்றும் இன்றும் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். நேற்று மதியம் வீட்டில் யாரும் இல்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுத் துணியை விரித்தேன். உன் அளவு என்னிடம் எப்போதும் உண்டு. ஒரே மூச்சில் வெட்டினேன், திருத்தம் ஒன்றுகூட இல்லை. வேறு யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம். இன்று காலை தைத்து முடித்தேன். பட்டன் மட்டும் அப்பா தைத்தார், ஊசி கோக்க எனக்கு விரல் வரவில்லை. மேலிருந்து மூன்றாவது பட்டன் கொஞ்சம் கோணல், அது அவருடைய கைவண்ணம். கோட்டும் கடிதமும் ஒரே பார்சலில் வருகின்றன.

நான் வரவில்லை. என் கைகளைப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார என்னால் முடியாது. நீ அந்தப் படத்தைக் காட்டுவாய், காட்டத்தான் வேண்டும், அதுதான் உன் பேச்சு. காட்டிய பிறகு ஒரே ஒரு காரியம் செய். உன் கையை நீட்டி, இந்தக் கோட்டை வெட்டியதும் அதே கைகள்தான் என்று சொல். அவர் யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் அம்மா என்று சொல்லாதே. அம்மா என்றால் கைதட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். கட்டிங் மாஸ்டர் என்று சொல்.

அதுவரைக்கும் எனக்குப் போன் செய்யாதே. மேடையிலிருந்து இறங்கியதும் செய். என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன். நீ கூப்பிடும் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

தோளில் அசைய இடம் விட்டிருக்கிறேன், கையைத் தாராளமாக நீட்டலாம். நன்றாக இரு.

உன் அம்மா