பாத்துட்டான்மா

காலடிப்பேட்டை
11.03.2025, செவ்வாய்

அன்பு நிதிஷ்,

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.10. குப்பத்தில் உன் வீட்டுச் சந்தில் நின்றவர்கள் 214 பேர். உத்தேசம் இல்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்தித் தலைகளை எண்ணினேன். அதில் நம் எத்திராஜ் ரசிகர் குழு ஆட்கள் மட்டும் 143. ஒரு மீன்பிடி லாஞ்சு டிரைவரின் சாவுக்கு இவ்வளவு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை.

உன் வாட்ஸப்பில் ஒற்றை டிக்தான் விழுகிறது. கூப்பிட்டால் போகவில்லை. டியூட்டியாக இருக்கும் என்று மெயில் போடுகிறேன். அப்பாவின் சாவுக்கு ரெண்டு நாள் லீவு தராத கம்பெனியில் நீ ஏன் இன்னும் வெல்டிங் அடிக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் சண்டை வரும்.

அப்பா போன செய்தி கேட்டதும் நான் முதலில் கூப்பிட்டது டோல்கேட் எத்திராஜ் அண்ணாத்தேயை. எழுபத்தொரு வயது. மேடையில் குரல் இழுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மேடையில் கானா கேட்கிறவனுக்குக் கிடைப்பது பாதி எத்திராஜ்தான். முழு எத்திராஜ் சாவு வீட்டில்தான். பாலிடெக்னிக் படிக்கும்போது எம்.கே.பி. நகரில், யாரென்றே தெரியாத ஒருவர் சாவில் போய் நின்று விசில் அடித்தோமே, அதிலிருந்து எண்ணினால் இது அவர் பாட்டுக் கேட்ட 61-வது சாவு. அறுபதையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

வந்தார். உன் சித்தப்பாவிடம் பத்து நிமிஷம் அப்பாவைப் பற்றி விசாரித்தார். டேப்பின் தோலைத் தட்டி எடுத்த எடுப்பிலேயே:

காத்தப் பாத்தே கரை சேர்ந்த தண்டபாணி – இன்னிக்குக்
கண்ணாடிப் பொட்டிக்குள்ள இன்னா நீ?

நாற்பது நிமிஷம். ஓரிடத்திலும் சுருதி இறங்கவில்லை. சவுண்ட் மிக்சரிலிருந்து என் போனுக்கு நேராக லைன் எடுத்து, நம் ஃபேஸ்புக் பக்கத்தில் லைவ் விட்டேன். ரெண்டு நாளில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஏப்ரல் 6 அண்ணாத்தேக்குப் பாராட்டு விழா. பெரிய திரையில் இதைத்தான் போடப்போகிறோம்.

கூட்டத்தில் சிக்னல் நெரிசல். உன் கால் விழவில்லை போலிருக்கிறது. லைவிலாவது பார்த்திருப்பாய்.

அம்மாவையும் தங்கச்சி சினேகாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன்
வெற்றி


துபாய்
14.03.2025

வெற்றி,

டியூட்டி இல்லை. உன் எண்ணை பிளாக் செய்திருக்கிறேன். மெயிலை மறந்துவிட்டேன், அந்த ஓட்டை வழியாக வந்துவிட்டாய்.

லைவ் பார்த்தேன். கேம்ப் அறையில் என்னோடு ஆறு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். நாற்பது நிமிஷமும் அண்ணாத்தேயின் வாய், கழுத்து நரம்பு, டேப் அடிக்கும் விரல். ஒரு மூலையில் ஐஸ் பெட்டியின் கால்மாடு. அப்பாவின் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தெரிந்தது. முகம் ஒரு தடவைகூட இல்லை. கீழே ஒருத்தன் எழுதியிருந்தான்: "செம்ம சாவு மாமு."

காலையில் நீதான் சொன்னாய்: "தூக்கறதுக்கு முன்னாடி நானே கூப்புடறேன் மச்சான். மொகத்தைக் கிட்டக்க காட்டறேன். பேஜாராவாத." நீ கூப்பிடவில்லை. நான் பதினோரு தடவை கூப்பிட்டேன். சினேகாவின் போன் உள்ளே பீரோவில் கிடந்திருக்கிறது. உன் எண்ணில் முதல் மூன்று தடவை மணி அடித்துக் கட் ஆனது. நாலாவதிலிருந்து மணியே இல்லை. நெரிசல் என்றால் உன் லைவ் மட்டும் எப்படி ஒரு நொடி நிற்காமல் ஓடியது? நீ படித்த டிப்ளமோவைத்தான் நானும் படித்தேன்.

நம் குப்பத்தில் பிள்ளை முகம் பார்க்காமல் தூக்க மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். எனக்காகப் பெரியவர்களே இறங்கி வந்தார்கள். "போன்ல பாத்தாலும் பாத்ததுதாம்பா" என்று சொல்லிக் காத்திருந்தார்கள். அம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் கேட்டாளாம்: "புள்ள பாத்துட்டானா?" நீ மிக்சரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் "பாத்துட்டான்மா, தூக்கலாம்" என்றாயாம். சினேகா சொன்னாள்.

அந்த ஒரு சொல்லில்தான் அம்மா கையை எடுத்தாள்.

வீடியோவை அழி.

நிதிஷ்


காலடிப்பேட்டை
16.03.2025, ஞாயிறு

நிதிஷ்,

சுற்றி வளைக்கவில்லை. கட் செய்தது நான்தான். கால் வந்தால் லைவில் சத்தம் அறுந்துபோகும். மூன்று தடவை கட் செய்தேன். நாலாவது தடவை உன் எண்ணை பிளாக் செய்தேன். பாட்டு முடிந்ததும் எடுத்துவிட்டு நானே கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். அண்ணாத்தே நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே எழுந்தார், ஆட்களும் பாட்டோடு சேர்ந்து பெட்டிக்குக் கை கொடுத்துவிட்டார்கள். அம்மா கேட்ட நேரம் அதுதான். "இல்லை" என்றிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். பாட்டும் நின்றிருக்கும். 3.50க்குத் தூக்கினார்கள். 3.52க்கு உன் எண்ணைத் திறந்தேன்.

தப்புதான். ஆனால் நீ எழுதுகிற மாதிரி நான் மட்டும் எங்கிருந்தோ வந்து குதித்தவன் இல்லை. எம்.கே.பி. நகரில் செத்தவரின் மகள் அழுதுகொண்டே நம் போனுக்குக் குறுக்கே வந்தபோது, "ஓரம் போக்கா, மறைக்குது" என்றது யார்? நான் இல்லை. அந்தப் பதிவை வைத்துத்தான் நம் பக்கத்தையே ஆரம்பித்தோம். யார் செத்தாலும் முதலில் "அண்ணாத்தே வர்றாரா?" என்று கேட்கிற 143 பேரை நாம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் வளர்த்தோம்.

அழிக்கச் சொன்னாய். அண்ணாத்தே வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பேத்தியின் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சிடாத நைனா. அம்பது வருசமா பாடிகினு கீறேன். சாவு வூட்ல பாடுனது பொணத்தோடயே பூடும். இது ஒண்ணுதான் நின்னுகினு கீது. இத்தப் பாத்துட்டுதான் எம் மருமவன் மொத மொத எனக்கு டீ வாங்கியாந்து குட்த்தான். ஒரு கலீஜ் பயலும் அதுக்கு முன்னாடி மதிச்சதில்ல."

கால்மாடு தெரிகிற இடங்களை வெட்டிவிடுகிறேன். அதற்கு மேல் என்னால் ஆகாது.

வெற்றி


துபாய்
21.03.2025

வெற்றி,

ஆமாம். "ஓரம் போக்கா" என்றது நான்தான். நீ எழுதிய பிறகு அந்தப் பெண்ணின் பெயரை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். கேட்டதே இல்லை என்று புரிந்தது.

வீடியோவை வைத்துக்கொள், அழி, விழாவில் போடு. இனி அதைப் பற்றிக் கேட்க மாட்டேன். வேறொன்று.

அம்மா தினமும் கூப்பிடுகிறாள். "நைனா மொகம் எப்டிடா இருந்துச்சு? தூங்கற மாரியே இருந்துச்சில்ல?" ஆமாம்மா என்கிறேன். "நெத்தில வச்சத பாத்தியா?" என்ன வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பார்த்தேன் என்கிறேன். நேற்று, "நீ பாத்தத சொல்லேன்டா. எனக்குக் கண்ணு கலங்கி ஒண்ணுமே தெரில. நீதான் கிட்டக்க பாத்தே" என்று அழுதாள். லைன் போன மாதிரி கட் செய்துவிட்டேன். உன்னிடம் கற்றுக்கொண்டது.

உண்மையை அவளிடம் சொல்லாதே. அவர் குறையோடு போனார் என்று நினைத்துச் சாகும்வரை மருகுவாள். நீ சொன்ன பொய்யை இனி நான்தான் சோறு போட்டு வளர்க்க வேண்டும்.

நீ பெட்டிக்கு நாலடியில் நின்றாய். அப்பா முகம் எப்படி இருந்தது? அதை எழுது. அது மட்டும் போதும்.

நிதிஷ்


காலடிப்பேட்டை
23.03.2025, ஞாயிறு

நிதிஷ்,

"தூங்குவது போலத்தான் இருந்தது" என்று எழுதினேன். அழித்தேன். இன்னொரு தடவை எழுதினேன். அதையும் அழித்தேன்.

நான் பார்க்கவில்லை.

நாற்பது நிமிஷமும் மிக்சரில் சிவப்பு விளக்கு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை போட்டேன். கைதான் போட்டது. கண் மைக் ஸ்டாண்டில் இருந்தது, யாராவது இடித்துவிடுவார்களோ என்று.

நேற்று காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்டு முடிந்து வந்து, வெட்டாத மூலப் பதிவை ஒவ்வொரு ஃப்ரேமாக ஓட்டினேன். இருபத்திரண்டாவது நிமிஷம் அண்ணாத்தே குனிகிறார். அவருக்குப் பின்னால் பெட்டியின் தலைமாடு பதினோரு ஃப்ரேம் தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி மேல் நம் பையன்களின் போன் வெளிச்சம். வெளிச்சத்தை இறக்கிப் பார்த்தேன். ஏற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஃபைனல் ப்ராஜெக்டுக்கு உன் வீட்டில் தங்கியிருந்த நாலு மாசமும், முள்ளுக்குப் பயந்த எனக்கு மீனைப் பிய்த்துத் தட்டில் வைத்தவர். கண்ணை மூடினால் அந்த முகம்தான் வருகிறது. அதை எழுதி அனுப்பினால் அதுவும் பொய்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். இனி நான் செய்யப்போவது:

1. வீடியோவை இன்று மாலை ஆறு மணிக்கு அழிக்கிறேன், மூலப் பதிவையும் சேர்த்து. நாலு லட்சம் பேர் பார்த்தாயிற்று. இறக்கி வைத்திருப்பவர்களை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு முன் அண்ணாத்தேயிடம் நேரில் போய்ச் சொல்வேன். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவார். திட்ட அவருக்கு நியாயம் இருக்கிறது.

2. விழாவுக்கு மிக்சரில் நம் குழுப் பையன் பாரி உட்காருவான். நான் போகவில்லை. குழுவிலிருந்து வெளியே வந்துவிடுகிறேன். அண்ணாத்தே பாடப்போகிற சாவு வீட்டு விலாசம் அதில் இனியும் போடுவார்கள். நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள்.

3. நாளை பதினாறாம் நாள் காரியம். சினேகாவிடம் கேட்பேன்: நெற்றியில் என்ன வைத்தீர்கள், வாய் மூடியிருந்ததா, சவரம் செய்திருந்ததா, கண் முழுக்க மூடியிருந்ததா. அவள் சொன்னதை ஒரு பக்கத்தில் அப்படியே எழுதி உனக்கு அனுப்புகிறேன். என் வார்த்தை ஒன்றும் அதில் இருக்காது. கதவைச் சாத்தினால் மறுநாளும் போவேன்.

4. அதை அனுப்பிய பிறகு உனக்கு எழுத மாட்டேன்.

5. அம்மா என்னைப் பார்த்தால் கட்டாயம் கேட்பாள்: "நீதானே போன்ல காட்டினே, எம்புள்ள ரொம்ப அழுதானா?" "அழுதான்மா" என்று சொல்வேன்.

வெற்றி