நீ கேட்காமலே எழுதுகிறேன்

அரியலூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தோழி கண்ணகிக்கு,

பூவிழி எழுதுவது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் அப்பா உயிரோடு இருக்கிறார். நினைவோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், பேசுகிறார். இந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டு, எங்காவது உட்கார்ந்துகொண்டு மேலே படி.

போனில் சொல்லத்தான் நினைத்தேன். நீ "சொல்லுடி" என்றதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். இங்கே நல்ல மழை, மக்காச்சோளம் தலை சாய்ந்துவிட்டது என்று ஏதேதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். மழையைப் பற்றிச் சொன்னது மட்டும் பொய்யில்லை.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நான் கட்டுப்பாட்டு அறைக்கு மாறியது உனக்குத் தெரியும். பள்ளத்தின் அடியில், கீழ்த்தட்டில் ஓடும் புல்டோசரை மேலே அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து ஓட்டும் வேலை. வெடி வைத்த பிறகு பாறை சரியும் இடத்துக்கு ஆள் இறங்கக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. "இனிமே நம்ம ஆளுங்க ஒருத்தரும் அடிபட மாட்டாங்க பாரு" என்று அதைப் பற்றி டீக்கடை வரைக்கும் போய்ப் பெருமை பேசியவர், போர்மேனாக இருந்த உன் அப்பாதான்.

விபத்து நடந்த அன்று காலை வெயில் நன்றாக இருந்தது. வெடி வைத்து முடித்து, கீழே யாரும் இல்லை என்று அவரே ரேடியோவில் சொன்ன பிறகுதான் எந்திரத்தைக் கிளப்பினேன். கல்லைத் தள்ளிக்கொண்டு போனேன். திரையில் வெறும் வெள்ளைக் கல்லும் தரையும். திடீரென்று முன்னால் கல்லைத் தள்ளும் தகட்டில் கனம் கூடிய மாதிரி எந்திரம் முக்கியது. கல்தான் என்று நினைத்தேன், கண்ணகி. திரையில் கல்லைத் தவிர ஒன்றுமே இல்லை.

ரேடியோவில் யாரோ "நிறுத்து, நிறுத்து, ஆளு, ஆளு" என்று கத்தினார்கள். நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் திரை ஒரு தடவை அதிர்ந்து வேறு படம் வந்தது. குறுக்கே ஒரு டிப்பர் லாரி. கல்குவியலுக்கு அடியில் ஒரு ஆள். கழுத்தில் இருந்த பச்சைத் துண்டைப் பார்த்த பிறகுதான் யாரென்று தெரிந்தது. கடைசிச் சில நொடிகள் நான் பார்த்துக்கொண்டிருந்தது பழைய படம். உறைந்து நின்ற படம். என் விரல்கள் எந்திரத்தை ஓட்டும் கைப்பிடியை விட்டு வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள்.

நடந்தது இதுதான். புதிதாக வந்த லாரிக்காரர் வழி தவறிக் கீழே இறங்கிவிட்டார். அவரை வெளியேற்ற அப்பா கைகாட்டிக்கொண்டே ஓடி இறங்கியிருக்கிறார். எந்திரத்தின் கேமரா தன்னைப் பார்க்கும், மேலே இருப்பது பூவிழி, நிறுத்திவிடுவாள் என்ற நம்பிக்கை. அந்த லாரியேதான் சிக்னல் கோபுரத்துக்கும் எந்திரத்துக்கும் நடுவில் நின்று, படத்தைக் கொண்டுவரும் அலையை மறைத்திருக்கிறது. படம் நின்றுபோனது. எந்திரத்தை ஓட்டும் கட்டளை வேறு அலைவரிசையில் போவதால் அது மட்டும் நிற்கவில்லை.

பெரம்பலூரில் முதலுதவி செய்து திருச்சிக்குக் கொண்டுபோனோம். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இதை இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணைக்கு அருள்முருகன் என்ற நெட்வொர்க் என்ஜினியர் வந்தார். சின்ன வயசு, அவருக்கும் முகம் வெளுத்துப் போயிருந்தது. அன்றைய பதிவுகளைக் கணினியில் ஓட்டிக் காட்டினார். கோபுரத்திலிருந்து அலை ஒல்லியான கற்றைகளாக வருகிறது. எந்தக் கற்றை நன்றாகக் கிடைக்கிறது என்று எந்திரத்தில் உள்ள கருவி அளந்துகொண்டே இருக்கிறது. லாரி குறுக்கே வர ஆரம்பித்தபோதே பிடித்திருந்த கற்றை தேய்வதை அது அளந்துவிட்டது. பள்ளத்தின் எதிர்க்கரையில் உள்ள இன்னொரு கோபுரத்தின் கற்றை நன்றாக இருப்பதையும் அளந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. கோபுரம் கேட்கும் முறை வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அறுந்ததை மறுபடி பிடிப்பதற்குள் நான் கல்லைத் தள்ளிவிட்டேன்.

"தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்துச்சா சார்?" என்று கேட்டேன்.

"கேட்டாத்தாங்க சொல்லும். அப்படித்தான் வச்சிருக்கு" என்றார்.

எந்திரம் கெட்டிருந்தது என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோபுரம் கேட்கட்டும் என்று காத்திராமல், கற்றை கெடும்போதே கருவி தானாக முந்திச் சொல்லும் முறைக்குத்தானே நீ பின்லாந்தில் இரவு பகலாகச் சோதனை நடத்திக்கொண்டிருக்கிறாய்? போன பொங்கலுக்கு வந்தபோது நீ விளக்கியது எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

அப்பா கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரு ஓட்டிக்கிட்டு இருந்தது?" என்பதுதானாம். என் பெயரைச் சொன்னதும், "அந்தப் புள்ளைய தனியா வுட்டுறாதீங்க, யாராச்சும் கூட இருங்க" என்றாராம். உன் அம்மா லீலாவதி இதை என்னிடம் சொன்னபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சத்தம் போட்டு அழுதேன். அவர்கள் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றதும் அப்பாதான். சோதனை முடியும் தறுவாயில் இருக்கிறது, மகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று பயம். "அவளா கேட்டா சொல்லிக்கலாம்" என்றார். நீயும் வாராவாரம் "நல்லாருக்கீங்களாப்பா?" என்று கேட்கிறாய். அவரும் "நல்லாருக்கேம்மா" என்கிறார். போனில் கேமரா கெட்டுப்போச்சு என்று அவர் சொல்வதை நம்பாதே. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலில் சாய்ந்திருப்பது உனக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் சொல்வது.

நானும் கொஞ்ச நாள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தேன். அந்த என்ஜினியர் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு முடியவில்லை. நீ என்னிடம் கேட்கவில்லை என்பதற்காக, தெரிந்தவள் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். புண் ஆறிவருகிறது. செயற்கைக் காலுக்கு அளவெடுக்க மறுபடி திருச்சி போக வேண்டும். அம்மாவைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறார். அம்மா இளைத்துவிட்டார்கள், நீ வந்தால் முதலில் அவர்களைச் சாப்பிட வை. கீழ்த்தட்டு வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். வாசல் வரை போய்விட்டு, அந்த அறைக்குள் நுழைய முடியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

உன் கையிலிருக்கும் வேலை நல்லபடியாக முடியட்டும். சீக்கிரம் முடியட்டும். எங்கள் சுரங்கம் மாதிரி எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேர் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். நீயும் உன் வீட்டாரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே.

வரும் தேதி முடிவானதும் தெரியப்படுத்து. ரயிலடிக்கு உன்னை அழைக்க நான் வரலாமா, இல்லை வேறு யாரையாவது அனுப்பட்டுமா, அதை மட்டும் ஒரு வரி எழுது.

உன்,
பூவிழி