குழாயை மூடுங்க

4 மார்ச்

அன்பு மகனுக்கு,

உன் டிவி தொடரின் இருபத்தோராம் வாரத்துக்கான கதைப்பிரதி கூரியரில் வந்து சேர்ந்தது. இந்த முறையும் நீ கவரைச் சரியாக ஒட்டவில்லை. ஒரு மூலை மழையில் நனைந்திருந்தது. கீழ்வீட்டு டீச்சர்தான் வாங்கி வைத்திருந்தாள். "மாசத்துக்கு ரெண்டு கவர் அனுப்புறவர், ஒரு தடவை தானே வரக்கூடாதாம்மா?" என்று கேட்டாள். அவன் வேலை அப்படி என்று சொல்லிவிட்டேன்.

வழக்கம்போல் திருத்தங்கள் சிவப்பு மையில். பதினேழாம் பக்கத்தை மட்டும் முழுதாக அடித்திருக்கிறேன். உன் கதாநாயகன் சினிமாவில் மாடியிலிருந்து குதிக்கிற ஸ்டண்ட்காரன். அது உன் அப்பாதான் என்று எனக்குத் தெரியாதா? பெரிய பெரிய நடிகர்களுக்குப் பதிலாக முப்பது வருஷம் விழுந்தவர் அவர். தோளில் பதினான்கு தையல் போட்டபோது டாக்டர் முகம் சுளித்தார், அவர் சுளிக்கவில்லை. அவரைப் போய்க் குளியலறையில் உட்கார்ந்து அழ வைத்திருக்கிறாய். இப்போதெல்லாம் சவர பிளேடு விளம்பரத்தில்கூட ஆண்கள் கண் கலங்குகிறார்கள். அது அவர்கள் பாடு. அப்பா தலை வாரிக்கொண்டு வெளியே வந்தார் என்று மாற்றிவிட்டேன். அதுதான் நடந்தது.

வேளைக்குச் சாப்பிடு. பிரதியோடு நாலு வரி கடிதமும் வைத்தால் குறைந்து போக மாட்டாய்.

அம்மா


11 ஏப்ரல்

அன்பு மகனுக்கு,

போன மாதம் டிவியில் அந்தக் காட்சி வந்தது. டீச்சரும் அவள் மாமியாரும் இங்கே வந்துதான் பார்த்தார்கள். அவர் தலை வாரிக்கொண்டு வெளியே வந்ததும் அந்த அம்மாள் துள்ளிவிட்டாள். "பாத்தியாடி, இவன்தான் ஆம்பளை! என் பிள்ளையும் இருக்கானே, தலைவலின்னா தைலத்தோட சுருண்டு படுத்துக்கறான்." டீச்சர் விடவில்லை. "தைலம் தேய்ச்சு விடறது யாரு அத்தை? நீங்கதானே?" எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் பேப்பரில் ஒருவர், ஆண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கவர் எதுவும் வரவில்லை. உடம்பு சரியில்லையா? ஜுரம் என்றாலும் ஒளிக்காமல் எழுது.

அம்மா


18 ஏப்ரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ திருத்தி அனுப்பியதை நான் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே நம் வீட்டில் உன் திருத்தத்துக்கு மேல் பேச்சில்லை. கவரோடு டைப் செய்பவரிடம் கொடுத்துவிடுவேன். இந்த முறையும் அப்படித்தான் கொடுத்தேன், உள்ளே இருந்த உன் கடிதத்தோடு. படப்பிடிப்புக்கு நான் போவதில்லை. பதினேழாம் பக்கம் காணாமல் போனதை எல்லோரையும் போல டிவியில்தான் பார்த்தேன். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் அம்மா, இந்தத் தொடரையே எழுத ஒப்புக்கொண்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா தையல் போட்டுக்கொண்டு வந்த சாயங்காலம். குளியலறைக் கதவின் அடிப்பக்கம் உளுத்து ஓட்டை விழுந்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? என் பந்து அதன் வழியாக உள்ளே உருண்டுவிட்டது. குனிந்து பார்த்தேன். அப்பா ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டிருந்தார். நீ உள்ளறையிலிருந்து, "தண்ணி வீணாப் போகுது, குழாயை மூடுங்க" என்று கத்தினாய். மூடினார். மூடிவிட்டுத் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். என்னைப் பார்த்துவிட்டார். பந்தை எடுத்து வெளியே உருட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தலை வாரினார்.

அப்பா இறந்துபோன அன்று நானும் அழவில்லை. ஆம்பளைப் பிள்ளை என்று எல்லோரும் தோளைத் தட்டினார்கள். நீயும் தட்டினாய்.

இனிமேல் பிரதி அனுப்பவில்லை. இங்கேயே ஒருவர் பார்த்துத் திருத்துகிறார்.

மகன்


2 மே

அன்பு மகனுக்கு,

முதலில், உனக்கு அப்போது ஒன்பது வயது, தப்பாகப் பார்த்திருப்பாய் என்று ஒரு கடிதம் எழுதினேன். கையெழுத்து அழகாக வந்திருந்தது. கிழித்துப் போட்டேன்.

எனக்குக் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அது தனியாகக் கேட்டது. நான் கத்தியது தண்ணீருக்காக இல்லை. அது நிற்க வேண்டும் என்று கத்தினேன். அன்றைக்கு மட்டுமில்லை, குழாய் ஓடிய ஒவ்வொரு நாளும். "மூடிட்டேன், மூடிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வெளியே வருவார்.

கான்வென்ட்டில் படித்த பெண் கூரையிலிருந்து குதிக்கிறவனைக் கட்டிக்கொள்வதா என்று என் வீட்டில் எல்லோரும் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் முன்னால் நான் சொன்னேன்: "அவர் எதுக்கும் கலங்கமாட்டார். உங்கள்ல ஒருத்தர்கூட அவர் மாதிரி கிடையாது." வாக்குக் கொடுத்தது நான். ஆயுள் முழுக்க அதைக் காப்பாற்றியவர் அவர். பதினேழாம் பக்கத்தை அடித்தபோது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது இந்த வீட்டில் என்னைத் தவிரக் குழாயைத் திறக்க ஆளில்லை.

பிரதி அனுப்பு என்று கேட்கவில்லை. கவர் வந்ததா என்று டீச்சர் மாடிப்படியில் நிறுத்திக் கேட்கிறாள். வந்தது என்று இரண்டு முறை பொய் சொல்லிவிட்டேன்.

அம்மா


27 ஜூன்

அன்பு மகனுக்கு,

கவர் வந்தது. நாலு பக்கமும் சரியாக ஒட்டியிருந்தாய். உள்ளே கடிதம் இருக்கும் என்று உதறிப் பார்த்தேன். ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. அந்தக் காட்சியைக் கடைசி வாரத்தில் பழைய நினைவாக வைக்கப் போகிறாய் என்று தெரிகிறது.

குழாய் சரி. துண்டு சரி. பந்தும் சரி, அது பச்சை நிறம், நான் வாங்கிக் கொடுத்தது, வேண்டுமானால் சேர்த்துக்கொள். மனைவி உள்ளறையிலிருந்து கத்துவதும் என் குரலேதான். அதற்குப் பிறகு அவள் கதவருகே வந்து, மெதுவாகத் தட்டி, "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்வதாக எழுதியிருக்கிறாய். நன்றாக வந்திருக்கிறது. நான்கு முறை படித்தேன்.

ஆனால் நான் தட்டவில்லை. துணிகளை மடித்து முடித்தேன். அவர் வந்ததும் சீப்பை எடுத்துக் கொடுத்தேன்.

அதனால் அந்த இரண்டு வரியை அடித்திருக்கிறேன். சிவப்பு மையால் இல்லை, பென்சிலால். இந்த முறை டைப் செய்பவரிடம் கொடுப்பதற்கு முன் நீ ஒரு தடவை பிரித்துப் பார். கோட்டை லேசாகத்தான் போட்டிருக்கிறேன். ரப்பர் வைத்தால் போய்விடும்.

அம்மா