மூன்று லாரிக்கு ஒரு சின்ன வண்டி

ஜூன் 9, திங்கள். மொரப்பூர்.
காலையிலேயே புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.
மாம்பழக் கூழ் ஆலையின் டோக்கன் வெப்சைட்டைப் புது ஃப்ரேம்வொர்க்குக்கு மாற்றும் வேலை. பழ வண்டிகளுக்கு வரிசை எண் கொடுப்பது, அவ்வளவுதான். லிஸ்டில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்று ஆலை மேனேஜர் சார் கண்டிப்பு.
பழைய புரோகிராம் கோடு எழுதியது மல்லிகா அக்காவாம். இப்போது ஓசூரில் வேறு வேலை. எல்லாம் ஒரே ஃபைல். தலை சுற்றியது. திட்டிக்கொண்டே படித்தேன்.
மதியத்துக்கு மேல் திட்டு நின்றுவிட்டது. நெட் பாதியில் அறுந்தாலும் டோக்கன் தொலையாது. பட்டன் போன்காரருக்கு எஸ்.எம்.எஸ். போகும். எழுத்து பெரிசு, கேள்வி கொஞ்சம். கெட்டிக்காரி!
ஒரு இடம் மட்டும் புரியவில்லை. 'பாவம்' என்று ஒரு வேரியபிள், வரிசையைக் கலைக்கிறது. ஏதோ பிழை, பக் போல. தூக்கிவிட்டேன்.
வாங்க: காபித்தூள், சார்ஜர் வயர், அம்மாவுக்கு மாத்திரை.

ஜூன் 12, வியாழன்.
சோதனை ஓட்டம். ஆலை கேட்டில் லேப்டாப்போடு நானும். வெயில். ஈ.
முதலில் எல்லாம் ஜோர். பிறகு ஒரு அம்மா, மினி டெம்போவில் பழம். கனிந்து சொட்டுகிறது. முன்னால் வரிசையாக லாரிகள்.
"ஏனுங்க, மூணு லாரி போனா ஒரு சின்ன வண்டிய வுடுவீங்களே. இன்னிக்கு என்னாச்சுங்க?"
வாட்ச்மேன் என்னைக் காட்டினார். "இந்தப் பாப்பாவோட புதுசுல அது வரலீங்க."
பக் என்று நான் தூக்கிய 'பாவம்' அதுதான். லாரிக்காரர்களிடம் ஓடிக் கெஞ்சி டெம்போவை உள்ளே விடவைத்தேன். அதற்குள் பாதிப் பழம் கழிவு. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி.
மல்லிகா அக்காவுக்குப் போன். அந்த 'பாவம்' ஆலை சொல்லி எழுதியதா என்று கேட்டேன். சிரித்தார்.
"ஆலை எங்க சொல்லும்மா? வேலைக்குச் சேந்த புதுசுல நானா எழுதுனது. எங்கப்பா டெம்போ அதே கேட்ல நின்னு நின்னு, பழம் பூரா அழுவி வூட்டுக்கே திரும்பி வந்துச்சு. யாராச்சும் கேட்டா எடுத்துடலாம்னு இருந்தேன். யாரும் கேக்கல. கேட்லயும் அதுவே பழகிப்போச்சு."
அட! இரண்டு வரி கோடு, ஒரு ஆலையின் வழக்கமே மாறிவிட்டது. இந்தத் தொழிலில் இப்படியும் ஒரு ஆள். கொஞ்சம் பொறாமை. நிறையப் பெருமை. ஏன் எனக்குப் பெருமை, தெரியவில்லை.
சாயங்காலம் மழை. துணி நனைந்தது.

ஜூன் 14, சனி.
அந்த இரண்டு வரியை மறுபடி சேர்த்தேன். மேனேஜர் சார் போன்.
"ஏம்மா, லிஸ்ட்ல இது இல்லையே. யாரக் கேட்டு சேத்தீங்க?"
அக்கா பெயரைச் சொல்லவில்லை.
"யாரையும் கேக்கலீங்க சார். நானாத்தான் சேத்தேன். வேணாம்னா எடுத்துடறேன். ஆனா சின்ன வண்டிக்காரங்ககிட்ட நீங்களே கேட்ல நின்னு சொல்லிடுங்க."
போனை வைக்கும் முன் சார் சொன்னது:
"இருக்கட்டும் வுடும்மா."