ஸ்பீக்கர் போடாத வெள்ளிக்கிழமை

தெமோதரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கச்சி புஷ்பலீலாவுக்கு,

அக்கா ரெங்கம்மா எழுதுவது. இங்கே மழையும் அட்டையும் சுகம். அங்கே நீயும் உன் குவைத் வெயிலும் சுகமா? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் இந்த லயத்து வரிசையில் ஒட்டிக்கிடக்கும் பன்னிரண்டு காம்பரா வீட்டுக்கும் கேட்கும். அதனால் லீவு முடிந்து நாளை குவைத் திரும்பும் ராசம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து அட்டை ஊர்ந்ததுபோல் இருந்தால் சிரிக்காதே.

விஷயம் உன் மகள் தனுஜாவைப் பற்றி. பயப்படாதே, இப்போது என் பக்கத்தில்தான் ரொட்டி தின்கிறாள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பரீட்சை ரிசல்ட் வந்த வெள்ளிக்கிழமை, வழக்கம்போல நீ போன் எடுத்ததும் ஸ்பீக்கர் போட்டு லயமே கூடி நின்றோமே. அவளை டாக்டராக்கவென்று அங்கே உழைக்கிற நீ, கணக்குக்கு என்ன என்று கேட்டாய். பிள்ளையை முந்திக்கொண்டு நான்தான், நம்ம டாக்டரம்மா கணக்குல கோட்டை விட்டுட்டாங்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். காத்துக் கறுப்பு என்று கயிறு கட்டினேன். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. உன் கணக்கைப் பார்த்தால் பேயே ஓடிடும் என்றேன். போன திங்கள் மத்தியானம்தான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ நம்பமாட்டாய், ஒரு மணி நேரம்! அப்புறம் அவளாகவே சொன்னாள், நான் இல்லேன்னா அம்மா அங்க கஷ்டப்பட வேணாம்ல பெரியம்மா என்று.

செத்துப்போகலாம் என்று நினைத்தாயா என்று நேராகவே கேட்டேன். ஆமென்று தலையாட்டினாள். நான் திட்டவில்லை, தங்கச்சி. கட்டிப்பிடித்துக்கொண்டேன். அன்று முதல் என்னோடுதான் படுக்கை. மறுநாள் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகாமல் பதுளை ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போனேன். காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு வருத்தம், மாறிக் குணமாகும் என்றார். இனிச் செவ்வாய்தோறும் போகவேண்டும். திரும்பும்போது பஸ்ஸில், உங்க குறட்டைக்கும் மருந்து கேட்டிருக்கலாமே பெரியம்மா என்றாள். எத்தனை நாளுக்குப் பிறகு ஒரு கேலி! ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ஸ்பீக்கர் கிடையாது. போனை எடுத்துக்கொண்டு தனியாக, கைப்பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் காலியாகக் கிடக்கும் பிள்ளைக்காம்பராப் படிக்கட்டுக்குப் போவாள். கணக்கைக் கேட்காதே. என்ன சாப்பிட்டாய் என்று கேள். பதில் வராவிட்டாலும் வைத்துவிடாதே, மூச்சுச் சத்தத்தையாவது கேட்டுக்கொண்டிரு.

இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை.

உங்கள் இரண்டு பேரையும் மாரியம்மா ஒரே கூரையில் சேர்த்துவைக்கட்டும்.

உன் வாயாடி அக்கா,
ரெங்கம்மா